‘ங்க’ இன்னும் போகாத வீதிகள்



உடுமலைப்பேட்டை தளி ரோட்டுப் பக்கமிருந்து ஒரு தாய் நம் இதழுக்கு எழுதியிருக்கிறார். எட்டாவது படிக்கும் மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதியவள், எல்லாப் பிள்ளைகளையும் போல ‘ரெஸ்பெக்டட் சார்’ என்றுதான் தொடங்கியிருக்கிறாள். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா போனில் பேசும்போது, “இங்கெல்லாம் யாரும் அப்படி எழுதறதில்லை, ‘டியர் சார்’னு மாத்து” என்று சொல்லிவிட்டாராம். “ரெஸ்பெக்டட்னு எழுதறது தப்புங்களா? ஹெட்மாஸ்டரைப் போய் டியர்னு எழுதறதுக்கு எம் பொண்ணு கூச்சப்படறா. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க” என்று அந்தத் தாய் கேட்கிறார்.

தப்பே இல்லைங்க. இங்கிலாந்தில் கடிதத்தை ‘டியர் சார்’ என்றுதான் தொடங்குவார்கள், சித்தப்பா சொல்வது சரி. ஆனால் ‘ரெஸ்பெக்டட் சார்’ நம் நாட்டு ஆங்கிலம். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதிப் பழகிய கைக்கு ‘டியர்’ ஒட்டவில்லை. வயதில் பெரியவரை, அதுவும் பாடம் சொல்லிக் கொடுப்பவரை, ‘அன்பே’ என்று கூப்பிடுவது போல அது நம் காதில் விழுந்தது. அதனால் நம் மனசுக்குத் தோதான ஒரு சொல்லை ஆங்கிலத்துக்குள்ளிருந்தே எடுத்து முன்னால் வைத்துக்கொண்டோம். அந்தக் குழந்தையின் கூச்சத்துக்குப் பின்னால் ஒரு முழுப் பண்பாடு இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதும்போது ‘டியர்’ போடட்டும். தன் பள்ளிக்கூடத்துக்கு எழுதும்போது ‘ரெஸ்பெக்டட்’ இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள். இந்தச் சொல்லுக்குப் பங்காளிகள் அதிகம், முகம் ஒன்று போல இருக்கும், குணம் வேறு. மதிக்கப்படுகிறவர் ‘ரெஸ்பெக்டட்’. மதிப்போடு நடந்துகொள்கிறவர் ‘ரெஸ்பெக்ட்ஃபுல்’. ‘ரெஸ்பெக்டபிள்’ என்றால் நாலு பேர் குறை சொல்லாதபடி இருப்பவர், அவ்வளவுதான். அதைப் பெரிய பாராட்டு என்று எண்ணிக் கடிதத் தலைப்பில் போட்டுவிடக் கூடாது. ‘ரெஸ்பெக்டிவ்’ மரியாதை பக்கமே போகாது, ‘அவரவர்க்குரிய’ என்று பொருள். இத்தனைக்கும் லத்தீன் வேர் ஒன்றே: திரும்பிப் பார்ப்பது. போகிற போக்கில் விட்டுவிடாமல் நின்று ஒருவரைத் திரும்பிப் பார்த்தால் அதுவே மரியாதை என்று லத்தீன் பேசிய மக்கள் நினைத்திருக்கிறார்கள்.

அடுத்தது ‘சார்’. இதன் மூலமும் லத்தீன்தான். மூத்தவர் என்று பொருள்படும் ‘சீனியர்’ பிரெஞ்சு வழியாக ‘சையர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘சர்’ ஆனது. அரசர் கொடுக்கும் பட்டத்துக்கும் அதுவே பெயர். தமிழில் நாம் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பட்டம் பெற்றவர் ‘சர்’, பள்ளிக்கூடத்து வாத்தியார் ‘சார்’. கோவை மண்ணில் பிறந்து சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் ‘சர்’ பட்டம் வாங்கியவர். சி.வி. ராமனும் வாங்கினார். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919இல் தாகூர் அந்தப் பட்டத்தைத் துறந்தார். அவருக்குச் சற்று முன்பே சென்னையின் சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க அதிபர் வில்சனுக்கு எழுதிய கடிதத்துக்காக வெள்ளை அரசு கண்டித்தபோது, பட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டார். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இந்த மாதிரிப் பட்டங்களுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. ‘சர்’ போய்விட்டது. ‘சார்’ தாலுகா ஆபீசிலும் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

இந்தச் சொல் நமக்கு ஏன் இத்தனை வசதியாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ‘சார்’ வருவதற்கு முன்பு, முன்பின் தெரியாத ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்பதை அவருடைய சாதி தெரிந்த பிறகே முடிவு செய்த ஊர்கள் நம் ஊர்கள். கவுண்டரே, செட்டியாரே, நாயக்கரே, முதலியாரே என்று ஆளுக்கொரு விளி. சிலருக்கு விளியே கிடையாது, ‘டேய்’ மட்டும்தான். ‘சார்’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு யார் என்ன சாதி என்று தெரியாது. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரையும், கடையில் எதிரே நிற்பவரையும், எதையும் விசாரிக்காமல் கூப்பிடலாம். இந்த நன்மையை நான் சின்னதாக நினைக்கவில்லை. ‘சார்’ ஒழிக என்று யாராவது எழுதி அனுப்பினால், அவர்களுக்கு என் பதில் இதுதான்.

ஆனால் நம்மிடம் சாரை விட நல்ல சரக்கு ஒன்று இருக்கிறது. உடுமலை பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

“பல்லடம் வண்டி போயிருச்சுங்களா?”

“இப்பத்தானுங்க போச்சு.”

“அடுத்தது எத்தனை மணிக்குங்க?”

“கால் மணி நேரத்துல வந்துருமுங்க. உக்காருங்ணா.”

இந்த நாலு வரியில் ‘ங்க’ எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்று கவனியுங்கள். வண்டி அஃறிணை. அது ‘போச்சு’தான், அதற்கு மரியாதை இல்லை. அந்த ‘ங்க’ வண்டிக்கு அல்ல, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. மற்ற ஊர்த் தமிழிலும் ‘வாங்க, போங்க’ உண்டு. நம் கொங்கு வட்டாரத்தில் அது வினையோடு நிற்பதில்லை. ‘ரெண்டு கிலோவுங்க’, ‘திருமூர்த்தி மலைக்குங்க’, ‘எம் பையனுங்க’, ‘இல்லீங்க’ என்று பெயர்ச்சொல்லிலும் எண்ணிலும் இடத்திலும் போய் உட்காரும். அவசரமாகப் பேசும்போது ‘சரிங்’, ‘ஆமாங்’ என்று பாதியாகத் தேய்ந்தாலும் விட்டுப் போகாது. ‘அண்ணா’வோடு கலந்து ‘ங்ணா’ ஆகும். எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு. தோட்டத்தில் தேங்காய் களவு போன கதையை ஒருவர் சொல்கிறார்: “திருட்டுப்பய எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுப் போயிட்டானுங்க.” திருடனுக்கு ‘ஆன்’, கேட்பவருக்கு ‘ங்க’. ஒரே சொல்லுக்குள் கோபமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று படாமல் தனித்தனியாக இருக்கின்றன. மொழியியல் படித்தவர்கள் இந்த ‘ங்க’வைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். பேசப்படுகிற பொருளைச் சாராமல், பேச்சைக் கேட்பவருக்காகவே ஒரு விகுதி வருவது உலகத்து மொழிகளில் கொஞ்சம் அபூர்வம்.

ஒருவரைப் பன்மையில் பேசுவது புதிய பழக்கமும் அல்ல. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஒருவரைப் பலர் போலச் சொல்வது இலக்கண வழியில் வந்ததன்று, வழக்கில் வந்த உயர்சொல் என்கிறார். இலக்கண ஆசிரியர் ஒருவர், விதி என் பக்கம் இருக்கிறது, ஆனாலும் மக்கள் இப்படிப் பேசுகிறார்கள் என்று இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்கு அந்த நூற்பா மேல் தனி மரியாதை.

ஆங்கிலமும் இந்த வழியாகத்தான் வந்தது. இப்போது நாம் ‘யூ’ என்று ஒரே சொல்லை எல்லோருக்கும் போடுகிறோம், ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மையே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். உள்ளபடி ‘யூ’ என்பதே நம் ‘நீங்கள்’. ‘நீ’ என்பதற்கு ‘தவ்’ என்று வேறு சொல் இருந்தது. ஒருவரை மதித்துப் பேசப் பன்மையைப் போடத் தொடங்கி, நாள்பட நாள்பட எல்லோருக்கும் அதையே போட்டு, கடைசியில் ‘நீ’ வழக்கொழிந்து போனது. எசமானும் வேலைக்காரரும் ஒருவருக்கொருவர் ‘நீங்கள்’. நடுவில் குவேக்கர்கள் என்றொரு சமயக் கூட்டம் 17ஆம் நூற்றாண்டில் வேறு வழியில் போய்ப் பார்த்தது. கடவுளுக்கு முன் எல்லோரும் ஒன்று, ஆகவே நீதிபதியானாலும் பிரபுவானாலும் ‘நீ’ என்றே பேசுவோம், தொப்பியையும் கழற்ற மாட்டோம் என்றார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். சுவீடனில் இதே வழி வெற்றி பெற்றது. 1967இல் அந்நாட்டு மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் அத்தனை பேரையும் ‘நீ’ என்றே கூப்பிடப் போகிறேன், என்னையும் அப்படியே கூப்பிடுங்கள் என்று அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடே ‘நீ’க்கு மாறியது.

அதே 1967இல் இங்கே அண்ணா முதலமைச்சரானார். அரசுக் கடிதங்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி போய் திரு, திருமதி, செல்வி வந்தன. சுவீடன் எல்லோரையும் ‘நீ’க்கு இறக்கிச் சமமாக்கியது. ஆங்கிலம் எல்லோரையும் ‘நீங்க’ளுக்கு ஏற்றிச் சமமாக்கியது. நம் மண்ணுக்குப் பொருந்துவது இரண்டாவது வழிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கே ஒருவரை ‘நீ’ என்று சொல்லிச் சமமாக்க முடியாது. ‘நீ’யை ஏற்கெனவே நிறையப் பேர் நிறைய வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் ‘ங்க’ போய்ச் சேர வேண்டும்.

அது போய்ச் சேராத வீதிகளைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைத்தேன்.

கொங்குத் தமிழ் கேட்கவே தேன் மாதிரி என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. சினிமாவில் ‘ஏனுங்க’ வந்தாலே தியேட்டர் மலர்கிறது. அதே தமிழில் பண்ணையத்து ஆள் எழுபது வயதிலும் பண்ணையக்காரரின் பத்து வயதுப் பிள்ளையைச் ‘சின்னப் பண்ணாடி’ என்று கைகட்டிக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை அவரைப் பேர் சொல்லி ‘வாடா’ என்றிருக்கிறது. டீக்கடையில் தனிக் குவளை இருந்தது போலப் பேச்சிலும் தனிக் குவளை இருந்தது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மரியாதையான தமிழ் பேசும் ஊர் என்பதும் உண்மை, அந்த மரியாதைக்கு எல்லைக்கல் நட்டிருந்தோம் என்பதும் உண்மை.

அந்த எல்லைக்கல்லைப் பிடுங்கக் கிளம்பியவரும் இதே கொங்குக்காரர்தான். 1925 மே 2ஆம் தேதி ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய பெரியார், தம் இயக்கத்துக்கு வைத்துக்கொண்ட பெயரே சுயமரியாதை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் பேரைக் கேட்டால் சாதி தெரியாது என்று வடக்கே போகும்போது நாம் சொல்லிக்கொள்கிறோமே, அதற்கு அஸ்திவாரம் அங்கே போடப்பட்டது. பேச்சு மேடையில் எத்தனை காரமாக முழங்கினாலும், பார்க்க வரும் சின்னப் பையன்களையும் ‘வாங்க, உட்காருங்க’ என்றே அவர் பேசுவார் என்று பழகியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். உடுமலைக்குப் பக்கத்துப் பூளவாடியில் பிறந்து திரைப்பாட்டில் அந்தக் கருத்தைக் கொண்டு போனவர் நாராயணகவி. ‘பகுத்தறிவுக் கவிராயர்’ என்று ஊர் அவரைக் கொண்டாடியது. அவருக்கு நம் ஊரில் மணிமண்டபமே இருக்கிறது.

அதே ஊரில்தான் 2016 மார்ச் 13 அன்று, பேருந்து நிலையத்துப் பக்கம், பட்டப்பகலில், ஜனங்கள் நடமாடும் ரோட்டில், சங்கர் என்ற பொறியியல் மாணவரை வெட்டிக் கொன்றார்கள். வயது 22. சாதி கடந்து கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம். கூட இருந்த மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். உயிர் பிழைத்தவர், பிறகு சாதிக்கு எதிராக நாடறியப் பேசினார். இங்கிலீஷ் பத்திரிகைகள் அதற்குப் போட்ட பெயர் ‘ஹானர் கில்லிங்’. மரியாதைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களில் உயர்ந்தது ‘ஹானர்’. அந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கொலைக்கு முன்னால் வைத்திருந்தார்கள். தமிழிலும் கொஞ்ச காலம் ‘கௌரவக் கொலை’ என்றே எழுதினோம். பிறகு ‘ஆணவக் கொலை’ என்ற சொல் வந்து நிலைத்தது. ஆங்கிலத்தில் இன்னும் ‘ஹானர்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. செய்தவனுடைய கண்ணால் பார்த்துப் பெயர் வைக்காமல், செய்த காரியத்தின் முகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது தமிழ். உடுமலைக்காரர்களாகிய நாம் மரியாதையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், அந்த ரோட்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போக முடியாதுங்க.

இனி அன்றாடத்துக்கு வருகிறேன். உடுமலையைச் சுற்றியிருக்கும் கோழிப் பண்ணைகளிலும், தென்னை நார் ஆலைகளிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு புகார் அடிக்கடி காதில் விழுகிறது. “என்னங்க, மொதலாளியவே ‘நீ வா’ங்கறானுங்க, மட்டு மரியாதையே தெரியலைங்க.” இந்தப் புகாரைச் சொல்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தப் பையன் தமிழை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான்? ‘வா’, ‘எடு’, ‘போடு’, ‘நில்லு’, ‘போ’ என்று சூப்பர்வைசர் நாள் முழுக்க அவனிடம் பேசினாரே, அதுதான் அவன் படித்த தமிழ். ‘வாங்க’ என்று ஒரு சொல் இருப்பதே அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவனிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. நாம் கொடுத்த தமிழைத்தான் அவன் நமக்குத் திருப்பிக் கொடுக்கிறான். ‘ங்க’ போட்டுப் பேசும் குடும்பத்துத் தோட்டத்தில் இருக்கும் வடநாட்டுப் பையன்கள் அச்சுப் பிசகாமல் ‘சரிங்ணா’, ‘சாப்ட்டீங்களா’ என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நார் மில் இரைச்சலுக்கு நடுவில் அந்தச் ‘சரிங்ணா’வைக் கேட்கும்போது மனசு நிறைந்துவிடும்.

காலையில் குப்பை வண்டியோடு வரும் அம்மாவை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? அரசுக் காகிதத்தில் அவர் ‘தூய்மைப் பணியாளர்’. வாசலில் பல வீடுகளில் ‘குப்பைக்காரி வந்துட்டா’. பால்காரர், கீரைக்காரம்மா, சமையல் கேஸ் கொண்டுவருகிறவர், மூட்டை தூக்குகிறவர், இஸ்திரி போடுகிறவர் என்று ஒவ்வொருவரையும் நினைத்துப் பாருங்கள். போன் வழியாகச் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகள் கதவு திறக்கும் எல்லோரையும் ‘சார், மேடம்’ என்கிறார்கள். நாம் பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறோம். வீட்டுக்குள் வந்தால், மனைவி ஆயுள் முழுக்க ‘ஏனுங்க’. கணவர் ‘இந்தா’, ‘ஏம்புள்ள’. இதை எழுதினால் சில வீடுகளில் இன்று ராத்திரி சோற்றுக்குப் பிறகு பேச்சு நடக்கும் என்று தெரியும். நடக்கட்டும்.

மேலிருந்து கீழே மரியாதை போனால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் பட்டாளத்தைப் பார்க்கலாம். அமராவதி நகரில் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி நம் தாலுகாவுக்கே ஒரு பெருமை. அங்கே படித்து ராணுவத்துக்குப் போன பிள்ளைகளைக் கேளுங்கள். இருபத்திரண்டு வயது லெப்டினென்ட், தமக்குக் கீழே வேலை செய்யும் நாற்பத்தைந்து வயதுச் சுபேதாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சாஹிப்’ என்பார். சுபேதார் அவரைச் ‘சார்’ என்பார். உத்தரவு ஒரு பக்கம் போகும், மரியாதை இரண்டு பக்கமும் போகும். ஒழுங்கு ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பொள்ளாச்சியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டம். அங்கே மாத்தூர் ஊராட்சி 2021இல் ஒரு தீர்மானம் போட்டது. ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் மக்கள் இனி யாரையும் ‘சார்’, ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டாம், பேரையோ பதவியையோ சொல்லலாம், வயதில் பெரியவராகத் தெரிந்தால் சேட்டா, சேச்சி என்று கூப்பிடலாம் என்று எழுதி ஒட்டினார்கள். விண்ணப்பத்தில் ‘கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற பாணியும் வேண்டாம், உரிமையாகக் கேட்கிறேன் என்று எழுதினால் போதும் என்றும் சொன்னார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் உறுப்பினர்கள் சேர்ந்து இதைச் செய்தார்கள். ‘தங்கள் மேலான சமூகத்துக்கு மிகவும் தாழ்மையுடன்’ என்று பட்டா மாறுதலுக்கு மனு எழுதிக் கொடுத்தே வயதாகிப்போன நம் விவசாயிகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். வரி கட்டுகிறவருக்கு எதற்குங்க தாழ்மை? மாத்தூர்க்காரர்கள் மரியாதையைக் கழிக்கவில்லை. கும்பிடு போடுவதை மட்டும் கழித்தார்கள்.

நீதிமன்றத்திலும் இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ‘மை லார்டு’ வெள்ளைக்காரர் காலத்துச் சொல் என்பதால், உயர் நீதிமன்றங்களில் ‘யுவர் ஆனர்’ போதும் என்று 2006இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் விதி செய்தது. கீழ் நீதிமன்றங்களில் ‘சார்’ என்றோ, அந்தந்த மாநில மொழியில் அதற்கிணையான சொல்லாலோ கூப்பிடலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ஆக, உடுமலை கோர்ட்டில் ஒரு வழக்கறிஞர் ‘ஐயா’ என்று தொடங்கினால் அது முழுச் சட்டப்படியானது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு 2009இல் வழக்கறிஞர்களிடம் தாமாகவே கேட்டுக்கொண்டார், என்னை ‘மை லார்டு’ என்று கூப்பிட வேண்டாம் என்று. முன்னால் செங்கோல் தாங்கி நடக்கும் டவாலியும் வேண்டாம், காரில் சிவப்பு விளக்கும் வேண்டாம் என்றார். அவர் தீர்ப்புகளின் மேல் மக்களுக்கு இருந்த மரியாதை இதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. 2012இல் குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜியும் ‘ஹிஸ் எக்ஸலன்சி’யை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் விட்டுவிடச் சொன்னார். பெரிய இடங்களில் இருப்பவர்களுக்குத் தங்கள் முன்னால் இருக்கும் அடைமொழியை எடுத்துவிடுவது ஓர் உத்தரவில் முடிகிற காரியம். நம்மைப் போன்றவர்களுக்கு வேலை வேறு. இதுவரை ஒரு சொல்லும் வாங்காதவருக்கு ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும்.

நம் இதழில் நாம் கடைப்பிடிக்கும் முறையைப் புதிய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமைச்சர் ‘கூறினார்’ என்று எழுதும் அதே பேனா, சாக்கடை அடைப்பு எடுத்தவரையும் ‘கூறினார்’ என்றே எழுதும். ‘கூலித் தொழிலாளி இறந்தான்’ என்ற வாக்கியம் நம் பக்கங்களில் வராது. காவல் நிலையத்தில் நிற்பவரும், குற்றம் நிரூபணமாகும் வரை ‘அவர்’தான். குழந்தைகளை மட்டும் ‘அவன், அவள்’ என்று உறவாக எழுதுகிறோம். அதில் வாஞ்சை இருக்கிறது, யாரும் வருத்தப்பட்டதில்லை. வீட்டிலோ, பிள்ளைகளைக் ‘கண்ணு’, ‘சாமி’, ‘தங்கம்’ என்று கொஞ்சுவதோடு ‘வாங்க, சாப்பிடுங்க’ என்று பழக்கும் பெற்றோர் இப்போது பெருகிவருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வாசலுக்கு வருகிறவர்களிடமும் அதே சொல்லைத்தான் பேசுவார்கள்.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்பாரு, அப்பச்சி, அம்மிச்சி, ஆத்தா, நங்கை, அம்முணி என்று உறவுக்காரர்களைக் கூப்பிட நம்மிடம் விதவிதமான சொற்கள் இருக்கின்றன. உறவு இல்லாதவரைக் கூப்பிட உங்கள் வீட்டில், உங்கள் வேலையிடத்தில் என்ன சொல் புழங்குகிறது? தூய்மைப் பணிக்கு வருகிறவரை, தோட்டத்து ஆளை, கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒடிசாப் பையனை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? இதை மறுபக்கத்திலிருந்தும் எழுதுங்கள். உங்களை யாராவது ஏக வசனத்தில் பேசி அது மனசில் தங்கியிருந்தால் எழுதுங்கள், பேர் போட மாட்டோம். மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள் எழுதினால் அவற்றுக்கு முதல் இடம். எழுத வராதவர்கள் போனில் சொன்னாலும் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அஞ்சலட்டையானாலும் சரி, நோட்டுத் தாளானாலும் சரி. தொடக்கத்தில் ‘உயர்திரு’ எல்லாம் வேண்டாமுங்க, நேராக விஷயத்துக்கே வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்